ஓடையோரத்து இலையில்லாச் செடி: பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

வண்டிப்பெரியாறு பக்கம், எஸ்டேட் லயத்துப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் செடி, பூச்சி பார்க்கக் கூட்டிப்போகும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஓடையோரம் இலையே இல்லாத பச்சைக் குச்சியாக ஒரு செடி நிற்கிறது. இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வருகிறது. பிள்ளைகள் சவுக்குக் கன்று என்கிறார்கள். என்ன செடி இது? தொட விடலாமா? பிடுங்கி வந்து பள்ளிக்கூடத்தில் நடலாமா?"

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஈக்விசிட்டம், ஆங்கிலத்தில் ஹார்ஸ்டெயில் என்பார்களே, அந்தச் செடி. சவுக்கு ஊசியும் இதே மாதிரிதான் கணுவில் பிரியும், அதனால் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அடித்தண்டை ஒடித்துப் பாருங்கள். சவுக்கு என்றால் கட்டை. இது என்றால் நடுவில் குழல், அதைச் சுற்றி லென்ஸில் மட்டும் தெரிகிற பொடிக் குழாய்கள். கணுவைச் சுற்றிப் பல்பல்லாக ஒரு வளையம் இருக்கும் பாருங்கள், அதுதான் இதன் இலை. சாப்பாடு தயாரிக்கும் வேலையெல்லாம் தண்டுக்கு.

தாராளமாகத் தொடலாம். தண்டை நகத்தில் தேய்த்தால் உப்புத்தாள் மாதிரி சுரசுரக்கும், காரணம் உள்ளே இருக்கும் சிலிக்கா. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இதை வைத்துத்தான் பாத்திரம் துலக்கினார்கள். கறுத்த பித்தளை விளக்கு ஒன்றை எடுத்துப் போனால் பிள்ளைகளே துலக்கிப் பார்த்துவிடுவார்கள்.

ஆனால் அசல் வேடிக்கை நுனியில் இருக்கிறது. பூ, விதை எதுவும் இதற்குக் கிடையாது, ஸ்போர் என்ற பொடித் துகளால்தான் இது பெருகும். நுனியில் அறுகோணச் சில்லுகள் ஒட்டிய சின்னக் கூம்பு வைத்த தண்டாகத் தேடி, வீட்டில் ஈரமில்லாத இடத்தில் வெள்ளைத் தாள்மேல் வையுங்கள். முற்றிய கூம்பு என்றால் பச்சைத் தூள் கொட்டும். ஒவ்வொரு துகளிலும் நாடா போல நான்கு கைகள், ஈரம் பட்டால் சுருண்டுகொள்ளும், காய்ந்தால் விரியும். லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே லேசாக வாயால் ஊதச் சொல்லுங்கள், தூள் நெளியும், துள்ளும். அன்றைக்கே செய்துவிடுங்கள், இந்த ஸ்போர் அதிக நாள் உயிரோடு இருக்காது.

அப்புறம், "டைனோசர் காலத்துச் செடி" என்று சொல்லி இதைக் குறைத்துவிட வேண்டாம். டைனோசர்கள் வந்தது சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இதன் உறவுக்காரர்களான கேலமைட்டிஸ் அதற்கும் முந்தி, 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, தென்னையைவிட உயரமாகச் சதுப்புக் காடுகளில் நின்றவை. ஐரோப்பா, வட அமெரிக்கா நிலக்கரியில் அவற்றுக்கும் பங்குண்டு (நெய்வேலியைக் காட்டிவிடாதீர்கள், அது வெகு பிந்தையது). உங்கள் ஓடையில் நிற்கும் இனத்துக்கே அந்த வயது என்று சொல்வதும் தப்பு, பழமை வம்சத்துக்குத்தான்.

வாயில் வைக்க விடாதீர்கள், கல்லடைப்புக்குக் கஷாயம் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். இதில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் தயாமினேஸ் உண்டு, மாட்டுத் தீவனத்தில் கலந்தாலும் கெடுதல்தான்.

நடுவதைப் பொறுத்தவரை, என் ஓட்டு வேண்டாம் என்பதற்கே. கிழங்குத்தண்டு ஆழமாக ஓடும், துண்டு மிஞ்சினாலும் முளைக்கும், பிறகு தோட்டத்திலிருந்து எடுக்க முடியாது. கட்டாயம் வேண்டுமென்றால் அடியில் ஓட்டையில்லாத தொட்டியில் சேறு நிரப்பி வையுங்கள். அதுவும் எஸ்டேட் ஓடையிலிருந்து, கேட்டுவிட்டு. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் என்றால் அனுமதியில்லாமல் ஒரு தண்டுகூடப் பறிக்கக் கூடாது.