சாவி யார் கையில்?

கேள்வி: பத்து வருடம் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதும் மறுநாளே எப்படி நம்புவார்கள்? நம்பிக்கையே இல்லாத இடத்தில் பதவியைப் பங்கு போட்டு என்ன பயன்?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: நம்ப மாட்டார்கள் அம்மா. நம்பாதவர்களுக்கும் தோதாக ஒப்பந்தத்தை எழுத வேண்டும். நேபாளத்தில் அதைத்தான் செய்தார்கள்.

1996இல் அரசுக்கு எதிராக மாவோயிஸ்டுகள் தொடங்கிய போர் பதின்மூன்றாயிரம் பேருக்கு மேல் பலிவாங்கியது. 2006 நவம்பர் 21 அன்று பிரதமர் கிரிஜா பிரசாத் கொய்ராலாவும் மாவோயிஸ்ட் தலைவர் பிரசண்டாவும் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதில் மாவோயிஸ்டுகள் ஆயுதங்களை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதவில்லை. அவர்களுடைய போராளிகள் தங்க ஏழு பெரிய முகாம்கள், அவற்றைச் சுற்றி 21 சிறு முகாம்கள். பெரிய முகாம்களில் இரும்புக் கன்டெய்னர்களுக்குள் துப்பாக்கிகளை வைத்துப் பூட்டினார்கள். பூட்டு ஒன்றுதான், அதன் சாவி மாவோயிஸ்டுகளிடமே இருந்தது. ஐ.நா. கண்காணிப்பாளர்கள் கேமராவும் சைரனும் வைத்தார்கள். கதவைத் திறந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். அரசு ராணுவமும் அதே எண்ணிக்கையில் துப்பாக்கிகளை அதே மாதிரி பூட்டி, தன் சாவியைத் தானே வைத்துக்கொண்டது.

சித்வான் மாவட்டத்துச் சக்திகோர் முகாமுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். துப்பாக்கி இல்லாமல் பயமாக இல்லையா என்று ஒரு பெண் போராளியிடம் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டேன். அவள் கன்டெய்னர் பக்கம் கையைக் காட்டி, “அங்கேதானே இருக்கிறது” என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் அந்தப் பதில் வந்திருக்காது.

பதவிப் பங்கும் இதோடு சேர்ந்ததுதான். 2007 ஜனவரியில் கூடிய 330 பேர் கொண்ட இடைக்கால நாடாளுமன்றத்தில் மாவோயிஸ்டுகளுக்கு 83 இடம் கொடுத்தார்கள். மக்கள் வாக்களிப்பதற்கு முன்பே கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆப்பிரிக்காவின் அங்கோலாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அரசுக்கும் சவிம்பி தலைமையிலான கிளர்ச்சிப் படைக்கும் 1991இல் ஒப்பந்தம், 1992 செப்டம்பரில் தேர்தல். இரு படைகளும் கலைந்து ஒன்றாகச் சேரும் முன்பே தேர்தல் வந்துவிட்டது. தோற்றவருக்கு ஆட்சியில் பங்கு என்று ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை. சவிம்பி தோற்றார், முடிவை ஏற்க மறுத்தார், அவருடைய படை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. 2002இல் அவர் கொல்லப்படும் வரை அந்த நாட்டில் போர் ஓயவில்லை.

கேள்வி: ஆயுதம் எடுத்தவனுக்கு மந்திரி பதவி என்றால், அது துப்பாக்கிக்குக் கொடுக்கும் பரிசு ஆகாதா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தேனி

பதில்: ஓரளவுக்கு ஆகும் ஐயா. மறுக்க மாட்டேன். ஆனால் நேபாளத்தில் பெரிய முட்டல் மந்திரி பதவிக்காக வரவில்லை, ராணுவத்தை யார் ஆட்டுவிப்பது என்பதில் வந்தது. 2009 மே மாதம் பிரதமர் பிரசண்டா ராணுவத் தளபதி கட்டவாலை நீக்கினார். குடியரசுத் தலைவர் ராம் பரண் யாதவ், தளபதி பதவியில் தொடர வேண்டும் என்றார். பிரசண்டா பதவி விலகினார். மாவோயிஸ்டுகள் காட்டுக்குத் திரும்பிவிடுவார்களோ என்று பலர் பயந்தார்கள். கன்டெய்னர்களை அவர்கள் உடைக்கவில்லை. ஐ.நா. குழு 2011 ஜனவரியில் கிளம்பிய பிறகும் உடைக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில், கட்சிக்குள் ஒரு பிரிவு கடுமையாக எதிர்த்தும், சாவிகளைச் சிறப்புக் குழுவிடம் கொடுத்தார்கள். ஐந்து வருடம் காத்திருந்து கிடைத்த சாவி அது. முகாம்களில் சரிபார்க்கப்பட்ட 19,602 பேரில் ராணுவத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 1,400 பேர்தான்.

கேள்வி: தலைவர்கள் பதவியில் உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு என்ன கிடைத்தது?
– இல்லத்தரசி, திண்டுக்கல்

பதில்: இதுதான் கேட்க வேண்டிய கேள்வி அம்மா. காணாமல் போனவர்களின் பெயரையும் முகவரியையும் 60 நாளில் வெளியிடுவோம் என்று இரு தரப்பும் அதே ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தன. வெளியிடவில்லை. காணாமல் போனவர்கள் 1,300 பேருக்கு மேல். மாவட்டவாரியாகப் பார்த்தால் பர்தியாவில்தான் அதிகம், அங்கே பெரும்பாலோர் தாரு பழங்குடி மக்கள். நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றப் போகும் மனைவியிடம், கணவன் செத்துவிட்டான் என்று எழுதிக் கொடு என்கிறார்கள். சாகவில்லை என்று நம்புகிறவள் எப்படி எழுதுவாள்?

ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்த பிறகு, நீ செய்ததை நான் கிளற மாட்டேன், நான் செய்ததை நீ கிளறாதே என்று ஆகிவிட்டது. விசாரணை ஆணையங்கள் அமையவே 2015 ஆனது. துப்பாக்கிக்குக் கேமராவும் சைரனும் வைத்தவர்கள், அந்த 60 நாள் வாக்குறுதிக்கு ஒரு காவலாளியைக்கூட வைக்கவில்லை. குடும்பத்தார் யாரும் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை. 2024இல் அந்த ஆணையங்களுக்கான சட்டத்தைத் திருத்தினார்கள். 2025இல் ஆணையங்களுக்குப் புதிய ஆட்களைப் போட்டபோதும், எங்களைக் கேட்காமல் நியமித்தீர்கள் என்று குடும்பத்தார் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.