கொடுப்புக்குள் ஒளித்த மாங்காய்

ஐயாவுக்கு வணக்கம்.

உன்னிச்சைக் குளத்துப் பக்கம் எங்கள் வளவு. கச்சான் காற்று தொடங்கினால் குரங்குக் கூட்டம் இறங்கிவிடும். தலையில் தொப்பி கவிழ்த்தது போல மயிர் உள்ள சாதி. அதில் வயிற்றில் குட்டி தொங்க வரும் ஒரு தாயைத் தினமும் பார்க்கிறேன். மற்றவை மாமரத்தில் இருக்க, அது மட்டும் வேலியோரம் முருங்கைக் கொழுந்தை உருவித் தின்னும். பழம் இருக்க இலை எதற்கு? பால் கொடுக்கிற சீவன், வாழைப்பழம் வை என்கிறா அம்மா. வைக்கலாமா?

வாசகி, உன்னிச்சை

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா சொல்வதில் பாதி சரி. வயிற்றில் சுமப்பதைவிடப் பால் கொடுக்கும் காலத்தில்தான் உடம்புக்குச் செலவு அதிகம். நம் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக்கறியும் பால்சுறாவும் ஆக்கிக்கொடுக்க ஆள் இருக்கிறது. அந்தத் தாய்க்கு யார் இருக்கிறார்கள்? குட்டியையும் தூக்கிக்கொண்டு தானே தேட வேண்டும்.

பழம் உடனடித் தெம்பு. ஆனால் பால் சுரக்கப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும், அதற்குக் கொழுந்தும் பூச்சி புழுவும்தான் நல்லவை. முற்றிய இலையில் நார் கூட. கறுத்த முகத்து மந்தி என்றால் பரவாயில்லை, அதன் இரைப்பை அறை அறையாக இருக்கும். இலையைப் புளிக்கவைத்துச் செமித்துக் கோடையை ஓட்டிவிடும். உங்கள் தொப்பித் தலைக்கு அந்த வயிறு கிடையாது.

காட்டுப் பழத்தையும் நம்பியிருக்க முடியாது. பாலைப்பழம் ஒரு வருடம் கொட்டும், மறு வருடம் பேருக்குக் காய்க்கும். போர்னியோவில் இது இன்னும் மோசம். அங்கே காட்டு மரங்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை ஒன்றாகக் காய்த்துத் தள்ளும், பிறகு நீண்ட பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் உராங்குட்டான்களின் சிறுநீரில் கீற்றோன் கண்டிருக்கிறார்கள். சொந்தக் கொழுப்பை எரித்துச் சீவிக்கின்றன என்று அர்த்தம். பெண்கள் சூல் கொள்வதும் பெரும்பாலும் பழம் மலிந்த காலத்தில்தான். உகண்டாவின் புவிண்டிக் காட்டில் கொரில்லாக்கள் உப்புச்சத்துக்காக உக்கின கட்டையைச் சப்புகின்றன. எடைக்கு எடை பார்த்தால் அங்கே பெண்கள் பெரிய ஆணைவிட அதிகம் தின்கின்றன.

ஆனால் உங்கள் தாய் மாமரத்தை விட்டு வேலியோரம் நிற்பதற்கு முருங்கையின் சத்து மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. நமக்குப் பக்கத்தில், பொலன்னறுவையில், 1968 முதல் வொல்ஃப்கேங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் இதே குரங்குகளைப் பார்த்து எழுதிவந்தார். பழம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, யாருக்குக் கிடைக்கிறது என்பது வேறு கேள்வி. கூட்டத்துக்குள் அந்தஸ்தில் மேல்படியில் உள்ளது வந்தால் கீழ்ப்படியில் உள்ளது கிளையை விட்டு எழும்ப வேண்டும். அதனால்தான் அவசரமாகக் கொடுப்புக்குள், அதாவது கன்னப் பைக்குள், திணித்துக்கொண்டு ஓடுகின்றன. அதற்கும் காவல் இல்லை: பெரியது சின்னதன் வாயைப் பிளந்து, விரலை விட்டு, கொடுப்புக்குள் இருப்பதைத் தோண்டி எடுத்துத் தின்னும்! வரட்சியில் முதலில் சாவது பெரும்பாலும் சின்னப் பெண்குட்டிகள். காடு எல்லாருக்கும் ஒரே காடுதான், பட்டினி மட்டும் படிப்படியாக இறங்குகிறது.

வாழைப்பழத்துக்கு வருவோம். வைக்க வேண்டாம். நீங்கள் வைப்பது அந்தத் தாய்க்கு, தின்பது தலைவனும் அதன் ஆட்களும். ஒரு சீப்பு வைத்தால் நாளைக்கு முழுக் கூட்டமும் உங்கள் கூரையில் இருக்கும், அப்புறம் அம்மாவே தடி எடுப்பா. முருங்கையை மட்டும் இந்தக் கோடையில் வெட்டாமல் விடுங்கள். அந்த ஓரம் சண்டை இல்லாத ஓரம்.

அடுத்த முறை அது வேலி தாண்டும்போது கன்னத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் உப்பியிருந்தால் எங்கேயோ ஒரு மாங்காயும் அகப்பட்டிருக்கிறது. அதை நிம்மதியாகத் தின்ன விடுகிறார்களா என்று பார்த்து எழுதுங்கள்.