கறிக்கோழித் தீவனத்தில் வைட்டமின் டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2,000 கறிக்கோழிகளைச் சொந்தமாக அரைத்த தீவனம் கொடுத்து வளர்க்கிறேன். மழைக்காலத்தில், மூன்றாவது வாரத்தில், சில கோழிகள் காலூன்ற முடியாமல் உட்கார்ந்துவிடுகின்றன. கொட்டகையில் நல்ல வெளிச்சம் இருக்கும்போது வைட்டமின் டி எதற்கு என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். மருந்துக்கடையில் கால்சியம் திரவத்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள். எதைச் செய்வது?
– வாசகர், தக்கலை

பதில்: தோலில் வைட்டமின் டி உருவாவதற்கு வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் நேரடியாகப் பட வேண்டும். கூரைக்கடியில் பரவும் வெளிச்சத்தில் அது போதிய அளவில் இருப்பதில்லை; வெப்பத்தைத் தவிர்க்க நம் கொட்டகைகளைக் கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டுவதால் நேர்வெயிலும் உள்ளே விழுவது குறைவு. ஆகவே கறிக்கோழிக்கு வைட்டமின் டி கிடைக்கும் வழி அநேகமாகத் தீவனம் ஒன்றுதான். அதுவும் டி3 ஆகவே இருக்க வேண்டும். தாவர வழி வரும் டி2 வகையைக் கோழியின் உடல் மிகக் குறைவாகவே பயன்படுத்திக்கொள்ளும்.

1994ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட பரிந்துரையில் கிலோ தீவனத்துக்கு 200 சர்வதேச அலகு போதும் என்றிருக்கிறது. கால்சியமும் பாஸ்பரஸும் சரியாக அமைந்த தீவனத்தில் குறைபாடு தோன்றாமலிருக்கத் தேவையான அடிமட்ட அளவு அது. இன்றைய வேகமாக வளரும் இனங்களுக்கு, எலும்பு நிலைபெறும் தொடக்கத் தீவனத்தில் 3,000 முதல் 5,000 அலகு வரை சேர்ப்பது வழக்கம். கிலோவுக்கு 4,000 அலகு என்று கணக்கிட்டால் ஒரு டன் தீவனத்துக்குத் தேவைப்படும் தூய டி3 வெறும் 0.1 கிராம். இந்தச் சிறு அளவை ஒரு டன்னில் சீராகப் பரப்புவதுதான் சொந்தமாகத் தீவனம் அரைப்பவர்களுக்கு உள்ள உண்மையான சிரமம். பிரிமிக்ஸை (வைட்டமின்களும் தாது உப்புகளும் சேர்த்த முன்கலவை) முதலில் சில கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, அந்தக் கலவையைப் பெரிய கலவையில் சேர்ப்பது அவசியம். இல்லையெனில் ஒரு மூட்டையில் மிகுந்தும் இன்னொன்றில் இல்லாமலும் போகும்.

தொல்லை மழைக்காலத்தில் வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இரண்டு பருவமழைகளையும் பெறும் உங்கள் மாவட்டத்தில் காற்றின் ஈரப்பதம் அதிகம். ஈரமும் வெப்பமும், உடன் கலந்திருக்கும் கோலின் குளோரைடு என்ற சத்துப்பொருளும் தாது உப்புகளும் சேர்ந்து வைட்டமின்களைச் சிதைக்கும். திறந்த பிரிமிக்ஸ் பையை மாதக்கணக்கில் வைத்திருந்தால் சீட்டில் அச்சிட்ட அளவை நம்ப முடியாது. ஈரமான மக்காச்சோளத்தில் பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் உண்டானால் கேடு இன்னும் ஆழமானது: டி3 கல்லீரலில் ஒரு முறையும் சிறுநீரகத்தில் ஒரு முறையும் மாற்றமடைந்த பிறகே வேலை செய்கிறது, அந்த நஞ்சு கல்லீரலையே தாக்குகிறது. கல்லீரல் மாற்றத்தை முன்கூட்டியே முடித்த வடிவமும் சந்தையில் கிடைக்கிறது. பொதுவாகக் கிலோவுக்கு 69 மைக்ரோகிராம் சேர்ப்பார்கள். எனினும் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்துக்கு அது பரிகாரம் ஆகாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி அஃப்ளாடாக்சின், கால்சியம், பாஸ்பரஸ் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

கால்சியம் திரவத்தை அதற்கு முன் ஊற்ற வேண்டாம். தொடக்கத் தீவனத்தில் கால்சியம் ஏறத்தாழ 1 சதவீதமும், உடலில் சேரக்கூடிய பாஸ்பரஸ் அதில் பாதியளவும் இருக்க வேண்டும். மக்காச்சோளத்திலும் சோயாவிலும் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி, கோழியால் எளிதில் செரிக்க முடியாத பைட்டேட் என்ற வடிவில் கட்டுண்டு கிடப்பதால், கால்சியத்தை மட்டும் கூட்டினால் மீதியும் குடலில் பிணைந்து வீணாகி, கால் மேலும் தளரும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, உட்கார்ந்துவிட்ட ஓரிரு கோழிகளை உயிருடன் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லுங்கள். கோழியின் அலகும் எலும்பும் ரப்பர்போல வளைந்தால் குறைபாடு என்று சொல்லலாம். தொடையெலும்பின் தலை நைந்திருந்தால் அது பாக்டீரியாத் தொற்றாக இருக்க வாய்ப்புண்டு, அங்கே வைட்டமின் எதையும் சாதிக்காது.

கேள்வி: கடற்கரையில் சுறா ஈரல் எண்ணெய் கிடைக்கிறது. அதைத் தீவனத்தில் சேர்க்கலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: செயற்கை டி3 வருவதற்கு முன் கோழிக்குஞ்சுகளுக்கு மீன் ஈரல் எண்ணெய் கொடுத்தது உண்மைதான். ஆனால் அதற்குப் பெயர்பெற்றது குளிர்கடலின் காட் மீன் எண்ணெய். தூத்தூர்ப் பகுதி ஆழ்கடல் மீனவர்கள் பிடிக்கும் சுறாவின் ஈரலில் பொதுவாக மிகுந்திருப்பது வைட்டமின் ஏ. அது அளவுக்கு மிஞ்சினால் டி வேலை செய்வதையே தடுக்கும். வெப்பத்தில் இந்த எண்ணெய் விரைவில் காறிப்போய் வைட்டமின் ஈ சத்தையும் அழித்துவிடும். இறைச்சியிலும் மீன்வாடை தங்கும். அளவு தெரிந்த பிரிமிக்ஸ் கிடைக்கும்போது இதைச் சேர்க்க நான் பரிந்துரைக்கமாட்டேன்.