வேலை ஆட்டம் காணும்போது வீட்டுக் கடனை அடைக்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 16 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பில்களைத் தானே படித்துப் பதிவு செய்யும் ஏஐ மென்பொருள் போன வருடம் வந்தது. 9 பேர் இருந்த பிரிவில் இப்போது 5 பேர்தான். கையில் 10 மாதக் குடும்பச் செலவுக்குப் போதுமான சேமிப்பு இருக்கிறது. வீட்டுக் கடன் இன்னும் 11 ஆண்டு பாக்கி. வேலை போவதற்குள் சேமிப்பைப் போட்டுக் கடனைக் குறைத்துவிடவா? ஓராண்டு ஏஐ படிப்பு ஒன்று இருக்கிறது, கட்டணம் 4 மாதச் செலவுக்குச் சமம், அதில் சேரவா? "வேலையைப் பறிக்கிற கம்பெனியின் பங்கையே வாங்கிப் போடுங்கள்" என்கிறார் மைத்துனர். எது சரி?

பதில்: கடனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவசரத்தில் கைவைத்தால் திரும்ப எடுக்க முடியாத பணம் அதுதான்.

8 மாதப் பணத்தைக் கடனில் கட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அசல் குறையும், வட்டி மிச்சமாகும், மனசும் லேசாகும். ஆனால் இப்படிக் கட்டும்போது பெரும்பாலும் கடனின் காலம்தான் சுருங்கும்; மாதத் தவணை அப்படியே நிற்கும். மூன்று மாதம் கழித்து வேலை போனால், கையில் 2 மாதப் பணம், அடுத்த மாதமும் அதே தவணை. "போன தடவை கூடுதலாகக் கட்டினேனே" என்று வங்கியில் சொல்லிப் பயனில்லை. சம்பளம் நிச்சயமாக இருக்கிறவருக்குக் கடனை முன்கூட்டியே அடைப்பது நல்ல யோசனை. உங்கள் நிலையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. வட்டியில் மிச்சமாகும் தொகையைவிட, வேலை தேட உங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் மாதங்கள்தான் பெரிது. கொஞ்சமாவது கட்டியே தீருவேன் என்றால், காலத்தைக் குறைக்காமல் தவணையைக் குறைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

அந்த 10 மாதப் பணத்தை உடனே எடுக்கக்கூடிய சேமிப்பிலோ குறுகிய கால வைப்பிலோ வையுங்கள். செலவில் கால்வாசியை இப்போதே வெட்ட முடிந்தால் அதே பணம் 13 மாதத்துக்கு வரும். வெட்டுவதை மாதாமாதம் தானாகக் கழிகிற சந்தாக்களிலிருந்து தொடங்குங்கள். கேட்காமலே வேலை செய்கிற மென்பொருள் உங்கள் அலுவலகத்தில் மட்டும் இல்லை, வங்கிக் கணக்கிலும் இருக்கிறது!

அப்புறம் மைத்துனர் யோசனை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இணையம் உலகையே மாற்றப்போகிறது என்று 1990களின் கடைசியில் பங்கு வாங்கியவர்களும் அதையே சொன்னார்கள், அவர்கள் சொன்னது பலித்தும்விட்டது. ஆனால் 2000 மார்ச்சில் 5,000 புள்ளிகளைத் தாண்டிய, தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த அமெரிக்க நாஸ்டாக் குறியீடு, 2002 அக்டோபருக்குள் முக்கால் பங்குக்கும் மேல் சரிந்தது. பழைய உச்சத்தைத் தொட 2015 ஆனது. தொழில்நுட்பத்தைச் சரியாகக் கணித்தவர்களே 15 ஆண்டு காத்திருந்தார்கள். உங்களிடம் இருப்பது 10 மாதம். சந்தை சரிகிற காலத்தில்தான் ஆட்குறைப்பும் அதிகமாக நடக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: சம்பளம் நிற்கிற மாதத்திலேயே பங்கையும் நஷ்டத்துக்கு விற்க வேண்டி வரும். சம்பளம் உறுதியான பிறகு, பல நிறுவனங்களின் பங்குகளைச் சேர்த்து வாங்கும் பரந்த குறியீட்டு நிதியில் மாதம் கொஞ்சம் போடலாம். உலகப் பங்குகளையும் சேர்த்த நிதியென்றால் ஏஐ நிறுவனங்களும் அந்த நிதியிலேயே இருக்கும்.

படிப்பு விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். உங்கள் துறையில் இது முதல் அதிர்ச்சி இல்லை. 1979இல் விசிகால்க் என்ற மென்பொருள் வந்தது; தனிநபர் கணினிக்கு வந்த முதல் விரிதாள் (எக்செல் போன்ற கணக்கு அட்டவணை) அது. கையால் கூட்டிக் கழித்து ஒவ்வொரு கட்டத்தையும் திருத்தும் வேலை நிமிடத்தில் முடிந்தது. பிறகு அமெரிக்காவில் கணக்கெழுதும் எழுத்தர் வேலைகள் தேய்ந்தன. கணக்காளர், நிதிப் பகுப்பாய்வாளர் வேலைகள் பெருகின. கணக்குப் போடுவது மலிவானதும் முதலாளிகள் அதிகக் கேள்வி கேட்க ஆரம்பித்ததுதான் காரணம். விலையை ஏற்றினால் என்ன ஆகும், கிளையை மூடினால் என்ன ஆகும் என்று. பதிவு செய்கிறவர் பின்தங்கினார், பதில் சொல்லத் தெரிந்தவர் முன்னேறினார்.

இந்தத் தடவையும் அப்படியே நடக்கும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. பதில் சொல்கிற வேலையிலும் ஏஐ கைவைக்கிறது, அது விரிதாளுக்கு இல்லாத திறமை. ஆனால் மென்பொருள் தவறாகப் பதிந்த பில்லைக் கண்டுபிடிக்கவும், தணிக்கையாளர் முன் அதற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடவும் 16 ஆண்டு அனுபவம் வேண்டும். மீதமிருக்கும் 5 பேரில் அந்த வேலையை யார் பார்க்கிறார்கள்? இன்னும் யாரும் இல்லையென்றால் நாளைக்கே நீங்கள் கேட்டு வாங்குங்கள். சம்பளத்தோடு கிடைக்கிற பயிற்சி அது.

அதனால் 4 மாதப் பணத்தை இப்போது கட்டாதீர்கள். இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ கிடைக்கும் பாடங்களை மூன்று மாதம் படித்துப் பாருங்கள். பிறகும் அந்தப் படிப்பு வேண்டும் என்று தோன்றினால், சேருவதற்கு முன் படிப்பை நடத்தும் நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கணக்குத் துறையிலிருந்து வந்து, 40 வயதுக்கு மேல் படித்து முடித்தவர்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள்? பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? முதல் கேள்விக்குப் பதிலாக இளைஞர்களின் சம்பளப் பட்டியலை நீட்டினால், எழுந்து வந்துவிடுங்கள்.