சேலத்தில் பள்ளிக் கூடைப்பந்து அணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். யாரும் பந்தே தருவதில்லை. மதிப்பு கிடைக்க என்ன செய்வது?

தம்பி, பாயின்ட் எடுப்பதை விடு, முதலில் டிஃபென்ஸைப் பார். எதிரணி ஷாட் போட்டதும் எல்லாரும் பந்தையே அண்ணாந்து பார்ப்பார்கள். நீ காக்க வேண்டிய எதிரணி ஆளை முதுகால் மறித்து நில். ரீபவுண்டை, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தை, பக்கத்திலிருக்கும் உன் அணிக்காரன் எடுத்தாலும் சரி, யாரால் கிடைத்தது என்று அவனுக்குத் தெரியும். ஐந்தாவது ஃபவுலில் வெளியே போகவேண்டும் என்பதால் கையை வீசாமல் காலை நகர்த்து.

பந்து பறிபோனால் ரெஃப்ரியை முறைக்காமல் உடனே திரும்பி ஓடு. ஏப்ரல் மாதச் சேலம் வெயிலில், மூச்சு வாங்கும்போதும் அப்படி ஓடி வருகிறவனைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். பெஞ்சில் இருந்தாலும் குரல் கொடு.

அப்புறம், பந்து கைக்கு வந்தால் பதறாதே. ஷாட் போட அணிக்கு 24 நொடி உண்டு. மறிப்பாரின்றி நிற்பவனுக்குக் கொடு, அவன் உனக்குத் திருப்பித் தருவான்.