நாய்க்குட்டி முயல் மாதிரித் தாவினால் கால்சியம் பாட்டிலை மூடி வையுங்கள்

திருவொற்றியூர் காலடிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய ஜெர்மன் ஷெப்பர்ட் சீசருக்கு ஏழு மாதம், எடை 36 கிலோ. காலையில் எழும்போது முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுக்கிறதாம். மாடிப்படியில் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துத் தாவுகிறதாம். விற்ற புரோக்கரைக் கேட்டால், "கால்சியம் கம்மி, டானிக்கை டபுளா ஊத்துங்க, வளர்ந்தா சரியாயிடும்" என்கிறார். ஒரு வயதானதும் கிராஸுக்கு, அதாவது இனச்சேர்க்கைக்கு, கொடுத்தால் ஒரு குட்டி தருவதாகவும் சொல்லியிருக்கிறார். இது பரம்பரை நோயா, கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பர் இருந்தும் எப்படி வரும், டானிக்கைக் கூட்டலாமா என்பது கேள்வி.

கூட்ட வேண்டாம். இன்றைக்கே நிறுத்துங்கள். நீங்கள் சொல்வதைப் படித்ததும் எனக்கு முதலில் வரும் சந்தேகம் ஹிப் டிஸ்பிளேசியா, அதாவது இடுப்பு மூட்டுக் கோளாறு. ஷெப்பர்ட், லாப்ரடார், ராட்வீலர் மாதிரி பெரிய நாய்களில் அதிகம் பார்க்கிறோம்.

ஆட்டுக்கல் குழியில் குழவி பொருந்தி உட்கார்ந்திருப்பது போல, இடுப்பெலும்பின் குழியில் தொடையெலும்பின் தலை உட்கார்ந்திருக்க வேண்டும். குழி ஆழமில்லாமல் போய், பிடித்து வைக்கும் தசைநார்களும் தளர்ந்திருந்தால் தலை ஆடும். ஆட ஆடக் குருத்தெலும்பு தேய்ந்து, பின்னாளில் மூட்டுவாதமாகிறது. பிறக்கும்போது மூட்டு நன்றாகத்தான் தெரியும், வளரும் மாதங்களில்தான் கெடும். அதனால், 45 நாள் குட்டியைக் கையில் தூக்கி "இதுக்கு ஹிப் சூப்பர்" என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள்.

பரம்பரையா என்றால், ஆமாம். ஒரு ஜீன் இல்லை, பல சேர்ந்து வேலை செய்கின்றன. தாயும் தகப்பனும் நன்றாக ஓடியாடினாலும் குட்டிக்கு வரலாம். ஆனால் எவ்வளவு மோசமாகும் என்பதில் வீட்டுக்கும் பங்கு உண்டு. அதிக எடை, வேகமான வளர்ச்சி, வழுக்கும் டைல்ஸ் எல்லாம் மூட்டைக் கெடுக்கும். முழுதாக வளர்ந்த ஆண் ஷெப்பர்டுக்கே 30 முதல் 40 கிலோதான் அளவு. ஏழு மாதத்தில் 36 என்பது பெருமைப்பட வேண்டிய எடை இல்லை.

அந்த டானிக் பாட்டிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரம்பூரில் என் கிளினிக்குக்கு வரும் பெரிய இனக் குட்டிகளில் பாதிக்கு அது கூடவே வருகிறது. ஆறு மாதம் வரை பெரிய இனக் குட்டியின் குடலால் வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்த முடியாது. ஊற்றியது உள்ளே போகும், எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். கிரேட் டேன் குட்டிகளை வைத்து நெதர்லாந்தில் பல வருடம் முன்பே இதை நிரூபித்துவிட்டார்கள். ஆனாலும் இங்கே குட்டியோடு பாட்டிலையும் சேர்த்தே விற்கிறார்கள். "டபுள் போன்", அதாவது பருத்த எலும்பு, வேண்டும் என்று வாங்குகிறவரும் கேட்கிறார். எனக்கு இதில் ஆத்திரமே வருகிறது. பாக்கெட் பப்பி ஃபீட் சாப்பிடும் குட்டிக்கு மேலே ஒரு சொட்டும் வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. பாக்கெட் தீனி சாப்பிடாமல், எலும்பில்லாத கறியும் சோறும் மட்டும் தின்று வளரும் குட்டி. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. இரத்தத்தில் கால்சியம் இறங்கினால் உடம்பு எலும்பைக் கரைத்து ஈடுகட்டும். புளியந்தோப்பிலிருந்து ஐந்து மாத ராட்வீலர் ஒன்றைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார்கள். தினமும் ஈரல், நுரையீரல், சோறு, அவ்வளவுதான். தொட்டாலே கத்தியது. எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் பென்சில் கோடு மாதிரி மெலிசாகத் தெரிந்தது. எங்கும் விழாமலே ஒரு தொடையெலும்பு மடிந்திருந்தது. இந்த மாதிரிக் குட்டிக்குக் கால்சியம் தேவைதான், ஆனால் மருத்துவர் எடைபார்த்து எழுதும் அளவில், தீனியையும் மாற்றி, ஓடவிடாமல் வைத்து. சீசருக்கு வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் போடுகிறீர்கள் என்றால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் அப்போது கணக்கே வேறு.

கே.சி.ஐ. பேப்பர் நாயின் வம்சாவளியைச் சொல்லும், இடுப்பைச் சொல்லாது. தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரே ரிப்போர்ட் தனி, அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் சில புரோக்கர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவார்கள். தேதியும் மைக்ரோசிப் எண்ணும் இல்லாத படம் எந்த நாயுடையதாகவும் இருக்கலாம். 2017-ல் வந்த மத்திய அரசு விதிப்படி இனப்பெருக்கம் செய்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விதி காகிதத்தில் இருக்கிறது. 45 நாள் குட்டி கூடையில் கை மாறிக்கொண்டுதான் இருக்கிறது, யார் பிடிக்கிறார்கள்?

எக்ஸ்ரேயிலும் ஒரு விஷயம். முழித்திருக்கும் நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து எடுத்த படம் இதற்கு உதவாது. மயக்க ஊசி போட்டு, மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு கால்களையும் நேராக இழுத்துப் பிடித்து எடுக்க வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், கூட்டம் இருக்கும், சீக்கிரம் போய்விடுங்கள்.

அதுவரை தீனியை அளந்து போடுங்கள். லாப்ரடார்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், 25 சதவீதம் குறைவாகத் தின்ற நாய்கள் கிட்டத்தட்ட இரண்டு வருடம் அதிகம் வாழ்ந்தன, மூட்டுவாதமும் தாமதமாகவே வந்தது. விலா எலும்பைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். டைல்ஸில் கயிற்றுப் பாயோ ரப்பர் பாயோ விரியுங்கள். வெயில் ஏறுமுன் தினமும் நிதானமாக நடக்க விடுங்கள், பந்தைத் தூக்கிப் போட்டுக் குதிக்க வைக்காதீர்கள். வலிக்கிறதே என்று மெடிக்கலில் நமக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் கொடுத்துவிடாதீர்கள். வயிற்றில் புண்ணாகும், சிறுநீரகம் போகும். நாய்க்கென்று வலி மருந்துகள் இருக்கின்றன, மருத்துவர் எழுதித் தருவார். பல நாய்கள் எடையும் மருந்தும் சரியாக இருந்தாலே நன்றாக வாழ்கின்றன. சிலவற்றுக்கு அறுவை தேவைப்படும், அதைப் படம் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

கிராஸுக்குத் தரவே கூடாது. ஒரு ஈற்றில் ஏழெட்டுக் குட்டி, ஏழெட்டு வீடு, ஒவ்வொரு வீட்டிலும் உங்களைப் போல ஒருவர் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கருத்தடையையும் அவசரப்பட்டு இப்போது செய்ய வேண்டாம், ஷெப்பர்டுக்கு ஒரு வயதுக்கு முன் செய்தால் மூட்டுப் பிரச்சினை கூடுகிறது.

எக்ஸ்ரே அன்று வெறும் வயிற்றோடு கூட்டிப் போங்கள். சீசர் எழுவதையும் படியேறுவதையும் பின்னாலிருந்து போனில் வீடியோ எடுத்து வையுங்கள், மருத்துவமனையில் பயத்தில் நேராக நடந்துவிடும். மயக்கம் முழுதாகத் தெளியும்வரை தானாகப் படியேற விடக் கூடாது, தூக்க வேண்டிவரும், அதனால் துணைக்கு இன்னொருவரையும் அழைத்துப் போங்கள்.