ரிலே போட்டதும் எல்எம்35 மைனஸ் 31 டிகிரி காட்டுகிறது, சென்சார் போய்விட்டதா?

போகவில்லை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: ஆர்டுயினோ யூனோ என்ற சிறு கணினி போர்டில் எல்எம்35 என்ற வெப்பநிலை சென்சாரை மாட்டியிருக்கிறீர்கள், 29, 30 என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) டக்கென்று போட்டதும் மைனஸ் 31 என்று காட்டிவிட்டு மறுபடி 30க்கு வந்துவிடுகிறது, பத்து அளவுக்குச் சராசரி எடுத்தால் சில நேரம் 23 வருகிறது. இதில் இரண்டு கோளாறுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்று கோடில் (நிரலில்), இன்னொன்று கம்பியில். கம்பியில் இருப்பது சின்னது, கோடு அதைப் பூதாகரமாக்கிக் காட்டுகிறது.

கோடை முதலில் முடித்துவிடலாம். அனலாக்ரீட் (முனைக்கு வரும் வோல்ட்டை 0 முதல் 1023 வரையிலான எண்ணாக்கும் கட்டளை) தரும் எண்ணை 500ஆல் பெருக்கி 1023ஆல் வகுக்கிறீர்கள், எல்லாமே இன்ட், அதாவது முழு எண் வகை. யூனோவில் இன்ட் என்பது 16 பிட், 32767க்கு மேல் அதில் இடம் கிடையாது. எண் 65 வரை பிரச்சினை இல்லை, 65 × 500 = 32500. 66 ஆனதும் 33000, அது இடம் போதாமல் சுற்றிக்கொண்டு மைனஸ் 32536 ஆகிவிடும், 1023ஆல் வகுத்தால் மைனஸ் 31. ஆக, ரிலேயே இல்லாவிட்டாலும் அறை 33 டிகிரி சூடானால் உங்கள் கருவி இதே மாதிரிதான் உளறும். ஒன்பது 30ஓடு ஒரு மைனஸ் 31 சேர்த்துச் சராசரி போட்டால் 23 வராமல் என்ன வரும்? 500 என்பதை 500.0 என்று எழுதி, விடையை ஃப்ளோட்டில் (தசம எண் வகை) வாங்குங்கள், இந்தப் பாதி தீர்ந்தது. அப்படியே சராசரி எடுக்கும் வரிகளையும் இப்போதைக்கு நீக்கிவிடுங்கள், இருக்கும் தப்பை அது மழுப்பத்தான் செய்யும்.

இனி ரிலே போட்டால் 32, 33 என்று ஏறி இறங்கும். இதுதான் உண்மையான கோளாறு. 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்தால் ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட், எல்எம்35 தருவதோ டிகிரிக்கு 10 மில்லிவோல்ட். ஒரு படி மாறினாலே அரை டிகிரி போய்விடும், அதனால் 61, 62 என்று மாறி மாறி வருவதைக் கண்டுகொள்ளாதீர்கள். 61லிருந்து 66க்குத் தாவுவதைத்தான் பிடிக்க வேண்டும்.

அதற்கு ஒரு சோதனை. ஏ0 என்ற உள்ளீட்டு முனைக்கு வரும் சென்சார் கம்பியைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் 3.3 வோல்ட் முனையை ஏ0வோடு இணையுங்கள், டிகிரியாக மாற்றாமல் வெறும் எண்ணை சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்புவதைக் கணினியில் காட்டும் ஜன்னல்) பாருங்கள். 675 பக்கம் நிற்கும். இப்போது ரிலேயைப் போடுங்கள். எண் 700க்கு ஏறினால் 3.3 வோல்ட் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை, 5 வோல்ட்தான் 4.8க்கு விழுந்திருக்கிறது. யூனோ தன் சப்ளையையே அளவுகோலாக வைத்துத்தான் அளக்கிறது, அளவுகோல் சுருங்கினால் துணி நீளமாகத் தெரியும். அப்படியானால் ரிலேக்குத் தனி சப்ளை கொடுங்கள், இரண்டு கிரவுண்டையும் (0 வோல்ட் முனைகளை) இணைத்துவிடுங்கள். மாட்யூல் (டையோடு முதலியவை சேர்ந்தே வரும் சிறு போர்டு) இல்லாமல் வெறும் ரிலே என்றால், அதற்குள் இருக்கும் காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு, தலைகீழாக (கோடு போட்ட முனை பிளஸ் பக்கம்), கட்டாயம் வேண்டும்.

675 அசையவே இல்லை என்றால் கிரவுண்ட் கம்பியைச் சந்தேகப்படுங்கள். என் சந்தேகம் முதலிலிருந்தே அதன் மேல்தான், ஏனென்றால் ரிலேயின் கிரவுண்டும் சென்சாரின் கிரவுண்டும் பிரெட்போர்டின் (கம்பிகளைச் செருகி இணைக்கும் பலகை) ஒரே நீலக் கோட்டில் போவதாகச் சொல்கிறீர்கள். சின்ன 5 வோல்ட் ரிலே காயில் 70 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். பழைய பிரெட்போர்டு, மெல்லிய ஜம்பர், எல்லாம் சேர்ந்து அந்தப் பாதையில் அரை ஓம் தடை இருந்தால் 35 மில்லிவோல்ட், அதாவது மூன்றரை டிகிரி. சென்சார் சரியாகத்தான் சொல்கிறது, அது நிற்கும் தரைதான் தூக்கிக்கொள்கிறது. எல்எம்35இன் கிரவுண்ட் காலிலிருந்து தனிக் கம்பி ஒன்றை நேராக போர்டின் கிரவுண்ட் முனைக்குக் கொண்டுபோங்கள், வழியில் வேறு எதுவும் சேரக் கூடாது. சென்சாரின் 5 வோல்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில், அதன் காலடியிலேயே, ஒரு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் வைப்பது நல்லது. ஆனால் வெளியீட்டுக் காலில் நேரடியாகக் கெப்பாசிட்டர் வைக்காதீர்கள். எல்எம்35க்கு அது ஆகாது, புதிதாக ஆட ஆரம்பித்துவிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் 75 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு 1 மைக்ரோஃபாரட், டேட்டாஷீட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது.

எல்லாம் சரியானதும், அனலாக்ரெஃபரன்ஸை (அளவுகோலைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை) இன்டர்னலுக்கு மாற்றுங்கள். சிப்புக்குள் இருக்கும் 1.1 வோல்ட்டை வைத்து அளப்பதால் சப்ளை கொஞ்சம் ஆடினாலும் கவலையில்லை, ஒரு படியும் 0.1 டிகிரி அளவுக்கு நுணுக்கமாகிவிடும், அறை வெப்பநிலைக்கு இது தாராளம். அந்த 1.1 சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை மாறும், எனவே போர்டின் ஏரெஃப் (AREF) முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, வரும் மதிப்பின் நூறு மடங்கைக் கணக்கில் 500.0 இருந்த இடத்தில் போடுங்கள். மாற்றியதும் வரும் முதல் சில அளவுகளைத் தள்ளிவிட வேண்டும்.

அதற்குப் பிறகும் எப்போதாவது ஒரு எண் தாவினால், ஐந்து அளவு எடுத்து வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தாவிய எண் ஓரத்துக்குப் போய்விடும், சராசரியில் போல மற்றவற்றையும் சேர்த்து இழுக்காது.